“அப்பாவை அழைத்து வா”: பள்ளி நீக்கமும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், ஏரி மதகு ஒன்றைச் செப்பனிடும் வேலையைப் பார்வையிடுவதற்காக நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தோம். முற்பகல் பதினோரு மணி இருக்கும். கரையின் சரிவில் ஏழெட்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஒரு சிறுவன் நின்றிருந்தான். பதின்மூன்று வயதிற்கு மேல் இராது. இடையில் கைலி; மேலே பள்ளிச் சீருடைச் சட்டை. அன்று விடுமுறை நாளும் அல்ல. “ஏன் தம்பி, பள்ளிக்கூடம் போகவில்லையா?” என்று வினவினோம்.

“அப்பாவைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க சார்” என்றான்.

“அழைத்துக்கொண்டு போவதுதானே?”

“அப்பா திருப்பூர்ல வேலை செய்யறார். பொங்கலுக்குத்தான் வருவார்.”

மதகு வேலை முடிந்ததும் அவ்வூர் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றோம். தலைமையாசிரியர் நல்லவர், பள்ளியின் மீது அக்கறை உள்ளவர். எட்டாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அப்பையனின் பெயருக்கு நேரே தொடர்ந்து 23 பள்ளி நாட்களுக்கு வரவில்லை என்று குறிக்கப்பட்டிருந்தது. குடிநீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்கி அதனை முறித்துவிட்டானாம். “நாங்கள் யாரையும் பள்ளியை விட்டு நீக்கவில்லையே! தகப்பனாரை அழைத்து வந்து விட்டு வகுப்பில் உட்காரும்படிதான் கூறினோம்” என்றார் தலைமையாசிரியர். அவர் கூறியது முற்றிலும் உண்மை. நீக்கல் உத்தரவு எதுவும் அங்கே எழுதப்படவில்லை. ஆயினும் பையன் நீங்கிவிட்டான்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் இக்கட்டுரையில் நாம் விளக்க விரும்புவது இந்த எழுதப்படாத நீக்கத்தைப் பற்றியே. நகரத்துப் பெரிய பள்ளிகளில் மாணாக்கரை இடைநீக்கம் செய்தால் (ஊர் வழக்கில் இதனை ‘சஸ்பெண்டு’ என்பர்) கடிதம் வரும்; எத்தனை நாள் என்பது அதில் இருக்கும். நமது கிராமங்களில் அத்தகைய கடிதத்தைக் கண்டவர் மிகச் சிலரே. இங்கே நீக்கம் வாய்ச்சொல்லாகவே வருகிறது. “அப்பாவை அழைத்து வா”, “முடி வெட்டிக்கொண்டு வா”, “நோட்டுப் புத்தகம் இல்லாமல் வகுப்பிற்குள் கால் வைக்காதே” என்பன போன்ற சொற்களைக் கேட்காத பள்ளிக்கூடம் ஏது? சொல்லும் ஆசிரியர் மறுநாளே பையன் திரும்பிவிடுவான் என்று நம்பித்தான் சொல்லுகிறார். பெரும்பாலோர் திரும்பியும் விடுகின்றனர். திரும்பாத சிலரைப் பற்றியதே நமது கவலை.

தகப்பன் ஊரில் இருப்பவன் மறுநாளே வந்துவிடுகிறான். தகப்பன் திருப்பூரிலோ கேரளத்திலோ கட்டட வேலையிலோ இருப்பவனும், தகப்பன் குடியில் வீழ்ந்தவனும், தகப்பனை இழந்தவனும் வருவதில்லை. தாய் நடவுக்கோ களை எடுக்கவோ சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று பையன் அவளிடம் சொல்லுவதே இல்லை. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறான். ஏரிக்கரையில் பொழுதைப் போக்கிவிட்டு, மணி அடித்த பின் வீடு திரும்புகிறான். ஒரே சொல்தான், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாள் தண்டனையாகவும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முடிவில்லாத தண்டனையாகவும் ஆகிறது. குற்றத்தின் அளவை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. குடும்பத்தின் நிலைமையே தண்டனையின் அளவை நிர்ணயித்துவிடுகிறது.

இவ்விடத்தில் அரசு ஊழியராகிய எங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். எங்களில் ஒருவரைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்வதாயின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்க வேண்டும். எங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். விசாரணை முடியும் வரையில் குடும்பம் பட்டினி கிடக்கலாகாது என்று பிழைப்பூதியமும் உண்டு. நாற்பது, ஐம்பது வயது நிரம்பிய, சட்டம் அறிந்த எங்களுக்கே இத்தனை பாதுகாப்பு! பதின்மூன்று வயதுப் பையனுக்கோ உத்தரவு இல்லை. விளக்கம் கேட்பார் இல்லை. எந்நாளில் முடியும் என்பதும் இல்லை. பிழைப்பூதியத்திற்குப் பதிலாக அவனிடமிருந்து மதிய உணவும் பறிபோகிறது.

மதிய உணவைச் சிறிய விஷயமாக நினைக்கலாகாது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கப்பட்டதன் நோக்கமே வயிற்றுக்காக வேலைக்குப் போகும் பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும் என்பதுதான். 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வருவதற்கு அரசாங்கம் எழுபது ஆண்டுகளாகச் செய்துவரும் முயற்சியை, கோபத்தில் சொன்ன ஒரு சொல் ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிடுகிறது.

வெளியே நின்ற பிள்ளைக்கு என்ன நேரிடுகிறது?

இதனை விவசாயிகளுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. வீட்டில் சும்மா இருக்கும் ஒரு ஜோடிக் கைகளை எந்தக் குடும்பமும் வெகுநாள் சும்மா விட்டுவைக்காது. முதல் வாரம் ஆடு மேய்ப்பான். இரண்டாம் வாரம் அண்டை வீட்டுக் கரும்பு வெட்டுக்குத் துணையாகப் போவான். மூன்றாம் வாரம் செங்கற்சூளைக்காரர் கேட்பார். கையில் நூறு, இருநூறு ரூபாய் வந்துவிட்டால், பையனே “இனிப் படிப்பு வேண்டாம்” என்று சொல்லத் தொடங்குவான். பெற்றோரும், “அவனுக்கே நாட்டமில்லை, என்ன செய்வது?” என்பர். தொடக்கத்தில் அவனுக்கு நாட்டமில்லாமற் போகவில்லை; வழியில்லாமற் போயிற்று என்பதை எல்லோரும் மறந்துவிடுவர்.

பெண் பிள்ளையாயின் நிலைமை வேறு. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பெண்ணின் பையில் ஒரு கடிதமோ கைப்பேசியோ அகப்பட்டு, “பெற்றோரோடு வா” என்று அனுப்பப்பட்டாளானால், அப்பெண் வீட்டிற்குப் போய்ச் சேருமுன்னரே செய்தி ஊரெங்கும் பரவிவிடுகிறது. பின்னர் படிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாப்பிள்ளையைப் பற்றியே பேசுகின்றனர். 18 வயது நிறைவதற்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆனால் அத்தகைய திருமணத்தின் முதற்படி சில வேளைகளில் பள்ளியின் வாயிற்படியாகவே இருப்பதை நாம் கவனிப்பதில்லை.

பாடத்திலும் பெரும் இழப்பு உண்டு. கணக்குப் பாடம் ஏணி போன்றது. பின்னக் கணக்கு நடத்தும் இரண்டு வாரங்களில் பையன் இல்லையெனில், அதன்பின் வரும் விகிதம், சதவிகிதம், வட்டிக் கணக்கு ஒன்றும் விளங்காது. விளங்காத பாடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பையன் பக்கத்திலிருப்பவனைச் சீண்டுவான். மீண்டும் வெளியே நிறுத்தப்படுவான். அடங்காப் பிள்ளைகள் என்று பெயர் வாங்கியவர்களில் பலர் பாடம் விளங்காத பிள்ளைகளே என்பது நாம் பார்த்தறிந்த அனுபவம்.

மேல்நாட்டிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மாணாக்கரை ஏழாம் வகுப்பிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிடப்பட்டது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் அவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒருமுறையேனும் நீக்க நடவடிக்கைக்கு ஆளாகியிருந்தனர். அந்நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயப்படுத்தியவை 100-க்கு 3 மட்டுமே. மற்றவையெல்லாம் பள்ளியார் தம் விருப்பப்படி எடுத்தவை. அவ்வாறு நீக்கப்பட்டோர் அதே வகுப்பில் மறு ஆண்டும் தங்குவதும், சிறார் நீதி வழக்குகளில் சிக்குவதும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தன. நீக்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால் நீக்கத்தினால் பிள்ளைகள் திருந்திவிடுகின்றனர் என்று கூறுவதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டாம் வகுப்பு வரையிலான கல்வி உரிமையாகும். அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரையில், அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரையில், எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்று கூறுகிறது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்துத் தேறாதவர்களை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளித்து 2019-இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. அத்திருத்தத்திற்குப் பின்னரும் வெளியேற்றக்கூடாது என்னும் விதி மட்டும் அப்படியே நிலைத்திருக்கிறது. தேர்வில் தோற்ற பிள்ளையைப் பற்றி மாநிலங்கள் வேறுவேறு கருத்துக் கொள்ளலாம். வெளியேற்றுவதைப் பற்றி வேறு கருத்திற்கு இடமில்லை என்பது இதன் பொருள்.

17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. மீறுபவர்மீது அவருடைய பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். தமிழ்நாட்டில் இதற்கு முன்னரே, 2003-இல், கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடல் தண்டனை நீக்கப்பட்டது. உடல் தண்டனையை ஒழிப்பதற்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைச் செயற்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் பணித்தது.

பிரம்பு போனதில் நம் கிராமத்துப் பெரியவர்கள் பலருக்கு மனக்குறை உண்டு என்பதை நாம் அறிவோம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று சொன்ன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதற்கு முந்திய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் என்று ஒரு தண்டனை இருந்தது; பையனைக் கயிற்றைப் பிடித்து விட்டத்திலிருந்து தொங்கவிடுவர். காலில் குட்டிக்கட்டையைச் சங்கிலியால் பிணைப்பதும் உண்டு. அவற்றையெல்லாம் பட்டு மேன்மையடைந்தவர்களைச் சுட்டிக்காட்டி, “அடியால் யார் கெட்டார்?” என்று கேட்பது வழக்கம். கோதண்டத்திற்கு அஞ்சி ஓடிப்போய் எழுத்தறியாமலே மடிந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் எவருமில்லை. தப்பிப் பிழைத்தவர்களே பேசுகின்றனர்.

ஆனால் இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பிரம்பை எடுத்துவிட்ட இடத்தில் வேறொன்றை ஆசிரியருக்கு நாம் கொடுக்கவில்லை. நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு, அவர்களில் நால்வர் அடங்காதபோது அவர் என்ன செய்வார்? அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது, வெளியேற்றக்கூடாது. பெற்றோரை அழைப்பது ஒன்றே அவருக்கு மிஞ்சிய வழி. ஆகவே “அப்பாவை அழைத்து வா” என்பது ஆசிரியரின் கொடுமையன்று. அவருடைய கையறு நிலை. ஊரார் அவருக்குத் துணை நிற்காமல், பிள்ளை வீட்டில் சொன்ன ஒரு பக்கக் கதையைக் கேட்டுக்கொண்டு பள்ளி வாசலில் கூச்சலிடுவது மிகவும் தவறு. அவ்வாறு ஒருமுறை அவமானப்பட்ட ஆசிரியர் அடுத்த முறை பையனைக் கவனியாமலே விட்டுவிடுவார். அது நீக்கத்தினும் கேடானது.

எட்டாம் வகுப்பிற்கு மேல்

கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் இடைநீக்கமும் நிரந்தர நீக்கமும் சட்டத்தால் அவ்வாறு தடுக்கப்படவில்லை. வேலைக்கும் திருமணத்திற்கும் பிள்ளைகள் இழுக்கப்படும் வயதும் இதுவே. எனவே மேற்பார்வை மிகுதியாக வேண்டியது இங்கேதான்.

உயர்நிலைப் பள்ளியில் நேரும் சில குற்றங்கள் பெரியவை என்பதை மறுப்பதற்கில்லை. கத்தியோ போதைப் பொருளோ கொண்டு வருபவனையும், கூட்டம் சேர்த்துக்கொண்டு ஒருவனை அடிப்பவர்களையும் மறுநாள் காலையில் அடிபட்டவன் பக்கத்திலேயே உட்கார வைப்பது நியாயமாகாது. சில நாட்கள் விலக்கி வைப்பது தண்டனையாக அல்லாமல் மற்றப் பிள்ளைகளின் காப்பிற்காகத் தேவைப்படலாம். அப்பொழுதும் நாம் வற்புறுத்துவது இவ்வளவே: எழுத்து மூலமாகக் காரணம் கூற வேண்டும், பையனும் அவன் வீட்டாரும் தம் பக்கத்தைச் சொல்ல இடமளிக்க வேண்டும், திரும்ப வரவேண்டிய தேதி முதல் நாளிலேயே குறிக்கப்பட வேண்டும், அந்நாட்களில் வீட்டிலிருந்து செய்ய வேண்டிய பாடம் கொடுக்கப்பட வேண்டும். தேதி குறிப்பிடாத இடைநீக்கத்தை நாம் இடைநீக்கம் என்றே கருதுவதில்லை.

வராத பிள்ளை எல்லோருமே குற்றம் செய்தவர்களல்லர் என்பதையும் மறத்தல் கூடாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவருடன் அதே பள்ளியில் பயின்ற மாணவர்கள், சாதியே காரணம். அதற்கு முன்னர் அம்மாணவர் தொல்லை தாங்காமல் சில நாட்கள் பள்ளிக்குப் போகாமலே இருந்தார். பதிவேட்டில் குறிக்கப்படும் “வரவில்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் அச்சமும் இருக்கக்கூடும் என்பதை அந்த நிகழ்ச்சி நாடறியச் செய்தது. அதன் பின்னர் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணாக்கர் கையில் கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அந்தக் கயிறு பள்ளியில் விளைவதன்று. ஊரில் கட்டப்பட்டுப் பள்ளிக்கு வருவது. ஊர்ப் பெரியவர்கள் கவனியாமல் ஆசிரியர் மட்டும் அதனை அவிழ்த்துவிட முடியாது.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

இனி நமது கடமைக்கு வருவோம். “பள்ளிக்கூட விவகாரம் கல்வித் துறையைச் சேர்ந்தது; நமக்கென்ன?” என்று அங்கத்தினர்கள் சிலர் கேட்பதுண்டு. ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981-இல் அரசு ஊழியர்களாக ஆக்கப்பட்டது முதல் இவ்வெண்ணம் வலுப்பெற்றுவிட்டது. ஆனால் பள்ளியின் பெயர்ப்பலகையில் இன்றும் ஊராட்சி ஒன்றியம் என்றே எழுதியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவோ உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை வரிசையாகக் கூறுகிறது: தன் எல்லையில் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவுகளை வைத்திருத்தல், ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் சேர்வதையும், வருவதையும், படித்து முடிப்பதையும் உறுதி செய்து கண்காணித்தல், இடம் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கச் செய்தல். உள்ளாட்சி அமைப்பு என்னும் சொல்லில் பஞ்சாயத்தும் அடங்கும் என்று சட்டமே வரையறுத்துள்ளது.

அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. பல குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்த்திருக்கிறோம். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் என்று கட்டடங்களைப் பற்றிய தீர்மானங்கள் நிறைய உள்ளன. இம்மாதம் எந்தெந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை என்ற குறிப்பை வெகு அபூர்வமாகவே கண்டோம். சுவர் கட்டப் பணம் வேண்டும். இதற்கு ஒரு காசும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முதற்பொருளாகத் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயர்களைப் படிக்கும்படி அங்கத்தினர்கள் கேட்கலாம்.

மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரு பிள்ளை வரவில்லையெனில் வார்டு அங்கத்தினர் அவ்வீட்டிற்குச் செல்வது நலம். அதற்குமேல் தாமதித்தால் பிள்ளைக்கு வெட்கம் கூடிவிடும். ஒரு வாரம் வராதவனுக்கு வகுப்பறை வாசலைத் தாண்டுவது மலை ஏறுவது போன்றது. அவனோடு ஒருவர் நடந்து செல்ல வேண்டும். தகப்பன் ஊரில் இல்லையென்றால் தாய் போகலாம், பாட்டி போகலாம், அவர்களும் இயலாதவர்களாயின் வார்டு அங்கத்தினரே போகலாம். “தகப்பன்தான் வரவேண்டும்” என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. திருப்பூரிலிருக்கும் தகப்பனோடு தலைமையாசிரியர் கைப்பேசியில் ஐந்து நிமிடம் பேசிவிட்டாலே பல வழக்குகள் தீர்ந்துவிடும். பையன் நாட்கணக்கில் ஏரிக்கரையில் நிற்கும்போது, இந்த எளிய வழி யாருக்கும் தோன்றாமற் போவது வியப்பே.

தண்டனை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். கெடுத்ததைச் சீர்செய்வதே நல்ல தண்டனை. சுவரில் கிறுக்கியவன் சுண்ணாம்பு பூசட்டும். செடியை முறித்தவன் வேறொன்று நட்டு ஒரு பருவம் தண்ணீர் ஊற்றட்டும். ஒருவனைப் புண்படுத்தியவன் அவன் முன்னிலையில் தவறை ஒப்புக்கொள்ளட்டும். இவையாவும் பள்ளிக்குள்ளேயே, பாட நேரம் கெடாமல் நடைபெற வேண்டும். இதனைக் கூலியில்லா வேலையாக மாற்றி, சில பிள்ளைகளை மட்டும், அதிலும் குறிப்பிட்ட தெருவைச் சேர்ந்த பிள்ளைகளை மட்டும், கழிப்பறை கழுவ விடுவதாயின் அது தண்டனையன்று, இழிவு. அங்கத்தினர்கள் அதனை ஒருக்காலும் அனுமதிக்கலாகாது.

மற்றொன்று மாற்றுச் சான்றிதழ். “டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், இல்லாவிட்டால் நடத்தை சரியில்லை என்று எழுதிவிடுவோம்” என்று பெற்றோரை அச்சுறுத்தி, அவர்களே விரும்பிக் கேட்டதாகக் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எழுத்தறியாத தாய் கைநாட்டு வைத்துவிட்டு அழுதுகொண்டே வருவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். எட்டாம் வகுப்பிற்குட்பட்ட பிள்ளைக்கு இவ்வாறு செய்வது வெளியேற்றமே ஆகும். அத்தகைய தாளில் பெற்றோர் கையெழுத்திட வேண்டியதில்லை. முன்னரே இட்டுவிட்டார்களாயினும் கதவு அடைபட்டுவிடவில்லை: சான்றிதழ் தருவதில் தாமதம் என்ற காரணத்தைக் காட்டி வேறொரு பள்ளி அப்பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாகாது என்று 5-ஆம் பிரிவு கூறுகிறது. ஓராண்டு, ஈராண்டு இடையில் விட்டுவிட்ட பிள்ளையையும் வயதிற்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி அளிக்க வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு.

பேசியும் தீராத விஷயமாயின், 32-ஆம் பிரிவின்படி எவரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்திற்குள் முடிவு கூற வேண்டும். முடிவில் மனநிறைவு இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திற்கு மேல்முறையீடு உண்டு. மூன்று மாதம் என்பது சட்டம் அனுமதிக்கும் எல்லை. பிள்ளையின் கணக்கில் அது ஒரு பருவத் தேர்வு. மூன்று நாளில் முடிக்கக்கூடியதை அங்கத்தினர்கள் மூன்று மாதத்திற்கு இழுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. துன்பத்திலுள்ள குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இவ்விரண்டையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. தம் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடமுண்டு. அதுவும் பள்ளி நேரம் போக, விடுமுறையில் மட்டுமே. எனவே பள்ளி நாளில் முற்பகல் பதினோரு மணிக்கு ஒரு சிறுவன் உங்கள் வயலில் வேலை கேட்டு நின்றால், கூலி பேசுவதற்கு முன், “இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா தம்பி?” என்று கேளுங்கள்.

ஏரிக்கரையில் கண்ட பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அன்று மாலையே வார்டு அங்கத்தினரான அம்மையார் அவன் வீட்டிற்குச் சென்றார். தாய்க்கு விஷயமே தெரியாது. மகன் நாள்தோறும் பள்ளிக்குப் போய் வருவதாகவே அவள் எண்ணியிருந்தாள். பாட்டிக்குத் தெரியும்; ஆட்டுக்கு ஆளாயிற்று என்று அவள் சொல்லவில்லை. மறுநாள் காலை அம்மையார் இருவரையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் திருப்பூருக்குக் கைப்பேசியில் பேசினார். பஞ்சாயத்தின் குழாய்ப் பணியாளர் புதுக் குழாய் பொருத்த வந்தபோது, பையன் பக்கத்திலிருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். முறிந்த குழாயை நமது பொறியாளர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அது தாங்கியே இல்லாமல் பொருத்தப்பட்டிருந்ததென்றும், ஒரு பிள்ளை தொங்காவிட்டாலும் சில மாதங்களில் தானே முறிந்திருக்கும் என்றும் கூறினார். ஒன்றியத்திலுள்ள மற்றப் பள்ளிகளின் குடிநீர்த் தொட்டிகளையும் பார்த்துத் தாங்கி வைக்கும்படி அன்றே உத்தரவிட்டோம்.